சித்தி சேர்த்த டிவி கேம்கள்

சித்திக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சினிமாவும் கிடையாது, கோயிலும் கிடையாது. பழைய சாமான் கடைதான். வாரம் முழுக்க பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்து தைத்துவிட்டு, அன்று தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயாமல் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா, அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, நான் என்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூர் நல்லூரில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். திருப்பூரில் கம்பெனி வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கு வெளிநாட்டிலிருந்து புதுப்புது விளையாட்டுப் பெட்டிகள் வரும். புதியது வீட்டுக்குள் நுழைந்ததும் பழையது கடைக்கு வந்துவிடும். டிவியில் சொருகி விளையாடும் டிவி கேம்கள், அவற்றின் கேசட்டுகள், வாக்மேன்கள் எல்லாம் உடைந்த மின்விசிறிகளுக்கு நடுவே குவிந்து கிடக்கும். “அம்மிணி, இது ஓடுமா ஓடாதான்னெல்லாம் என்னைக் கேக்காதீங்க” என்று கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். சித்தி கேட்பதும் இல்லை. பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பாள். குறைந்த வோல்ட்டில் ஓடும் அமெரிக்கப் பெட்டி ஒன்றை நம் ஊர் கரண்டில் நேராகச் சொருகி, குபுகுபுவென்று புகை வந்து, அப்பா மெயினை அணைக்கப் பாய்ந்தோடிய நாளிலிருந்து வந்த பழக்கம் அது.

கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டிகள் பெருகிக்கொண்டே போயின. மாலையில் கம்பெனியிலிருந்து வந்ததும் சித்தி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு திருகுகளைக் கழற்றுவாள். உலை கொதிப்பதற்குள் எத்தனையோ வயர்களைப் பற்றவைத்துவிடுவாள். டிவியில் கோடுகளாக ஓடிக்கொண்டிருந்த திரை சட்டென்று தெளிந்து, ஒரு குட்டி மனிதன் குதித்து ஓடும்போது, அவள் விளையாடக்கூட மாட்டாள். அதை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டியைத் தேடுவாள்.

அம்மாவுக்கு இதில் பெரிய மனக்குறை. சித்திக்கு அமைந்துவந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாக ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொன்னதும், அம்மா முதலில் கட்டிலுக்கு அடியில்தான் குனிந்து பார்த்தாள்.

“இதெல்லாம் கெடந்தா வாரவிய என்ன நெனப்பாவ? பொண்ணு பாக்க வந்தோமா, ரிப்பேர் கடைக்கு வந்தோமான்னு கேப்பாவ.”

எதிரே குடியிருந்த வீட்டுக்காரம்மா உதவிக்கு வந்தார். “அதுக்கென்னுங்க, நம்மூட்டுல கொண்டாந்து வெச்சுக்கோங்க. அவிய போனதுக்கப்புறம் எடுத்துக்கலாமுங்க.” சித்தி ஒவ்வொரு பெட்டியையும் பழைய துணியில் சுற்றி, அவளே தூக்கிக்கொண்டு போய் வைத்தாள்.

மாப்பிள்ளை அவர் அம்மாவோடு வந்தார். அவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். வேறொரு பனியன் கம்பெனியில் தையல் மிஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். சித்தி பட்டுச்சேலையில் காபித் தட்டோடு வந்து நின்றபோது, வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங் அம்மிணி, உங்க பெட்டியில ஒண்ணு நிக்காமக் கத்திக்கிட்டு இருக்குதுங்க. எதைத் திருகோணும்னு எனக்குத் தெரியலீங்க.”

சித்தி முந்தின நாள்தான் செல் போட்டு உயிர் கொடுத்திருந்த அலாரம் ரேடியோ அது. அதன் அலறல் எங்கள் வீட்டுக்கே கேட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சித்தி தட்டை வைத்துவிட்டுப் போய் அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

“யாரு பெட்டி?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

“எங்க வீட்டுக்காரவிய பெட்டி” என்று அம்மா அப்பாவைக் காட்டி அவசரமாகச் சொன்னாள்.

“இல்ல, என்னோடதுதான்” என்றாள் சித்தி. “பழைய டிவி கேம், ரேடியோ எல்லாம் சேக்கேன். அங்க நெறைய இருக்கு.”

மாப்பிள்ளை அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். “எல்லாம் வேலை செய்யுமா?”

“பாதி செய்யும். மீதி இனிமே செய்யும்.”

அவர் சிரித்தார். அவர் அம்மா சிரிக்கவில்லை. ஊருக்குப் பேசிவிட்டுச் சொல்லியனுப்புவதாகச் சொல்லி எழுந்துகொண்டார்.

அந்த வாரம் முழுக்க யாரும் எதுவும் சொல்லியனுப்பவில்லை. அம்மா பாத்திரங்களை ஓசையெழத் தேய்த்தாள். எல்லாவற்றையும் வந்த கடைக்கே தூக்கிப் போடச் சொன்னாள். சித்தி பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கினாள். ஆனால் எதையும் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கடைக்குப் போகவும் இல்லை.

அன்று மதியம் மாப்பிள்ளை தனியாக வந்தார். கையில் பனியன் துணியில் சுற்றிய ஒரு டிவி கேம். அப்பாவிடம்தான் பேசினார், ஆனால் குரல் உள்ளே கேட்கும்படி இருந்தது.

“பழைய கடையில வாங்கினேன். படம் வரமாட்டேங்கு. உங்க வீட்ல பாத்துத் தருவாவளான்னு கேக்கலாம்னு வந்தேன். அம்மாகிட்ட சொல்லிட்டுதான் வந்தேன்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பாலை அடுப்பில் வைத்தாள். சித்தி திருப்புளியோடு வந்து உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். நானும் தலையை நீட்டிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் தூசி படிந்திருந்தது. ஒரேயொரு சிவப்பு வயர் மட்டும் விடுபட்டு, அதன் நுனி பளபளவென்று புதிதாக இருந்தது. சித்தி அந்த வயரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் எங்கள் வீட்டு மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“நேரமாகும்” என்றாள் சித்தி.

“பரவால்ல. இருக்கேன்.”

“சித்தி, அந்தச் செவப்பு வயரத்தான்…” என்று நான் ஆரம்பித்தேன். சித்தி என் தொடையில் கிள்ளினாள். “ஏட்டி, போய் வெளிய வெளையாடு” என்றாள். அவள் முகம் மட்டும் கோபமாக இல்லை.

நான் வாசற்படியில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலை கொதிப்பதற்குள் முடிகிற வேலைக்குச் சித்தி அன்று பொழுது சாயும்வரை எடுத்துக்கொண்டாள். இரண்டு முறை காபி வந்தது. நடுநடுவே ஏதோ பேசிச் சிரித்தார்கள். நாள் முழுக்க மிஷின்களைப் பிரித்துப் பூட்டுகிற ஒரு மெக்கானிக்குக்குக் கண்ணுக்கு முன்னால் தொங்கும் ஒரு வயர்கூடத் தெரியவில்லையே, இவரை எப்படித்தான் வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்படிப்பட்டவருக்கா நம் சித்தியைக் கொடுக்கப்போகிறார்கள் என்று எனக்கு மெய்யாகவே கவலையாக இருந்தது.