எஃப் பதினாறில் வந்த பிழை

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் தனுஷ்கோடியைத் தெரியும். முப்பத்தோரு வருடமாகப் புரூஃப் பார்க்கிறார். ஜூன் மாதத்துக்கு முப்பத்தொன்றாம் தேதி கொடுத்திருந்த காலண்டரை, மெஷினில் ஏறுவதற்கு முன்பே பிடித்தவர். அவர் பார்த்து அனுப்பிய எதிலும் இதுவரை பிழை வந்ததில்லை. அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து. மற்றபடி மூக்கு நுனியில் கோபம்.

அப்படிப்பட்டவரிடம் வந்து சேர்ந்தது ஒரு கேமரா அட்டை. சட்டைப்பையில் அடங்கும் அளவு. சாத்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அனுப்பிரியா, தன்னிடம் படமெடுக்கக் கற்க வரும் பெண்களுக்காக எழுதியது. வெயிலில் கேமராவில் எந்த எண்ணை வைக்க வேண்டும், மண்டபத்துக்குள் எப்படி, ஓடும் பிள்ளையை எடுக்க ஷட்டர் எவ்வளவு என்று எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. அதில் லென்ஸ் வழியாக வெளிச்சம் நுழையும் துளையைப் பற்றிய ஒரு வரி அவர் கண்ணைக் குத்தியது: "எஃப் 2.8: பெரிய துளை. எஃப் 16: சிறிய துளை."

பதினாறு எப்படி இரண்டைவிடச் சிறிதாகும்? பெரியதைச் சிறியதாக்கி, சிறியதைப் பெரியதாக்கி, டைப் அடிக்கும் ஸ்ரீமதியைக் கூப்பிட்டார்.

"கண்ண எங்கன வச்சுக்கிட்டு அடிச்ச?"

"பார்ட்டி எழுதிக் குடுத்ததே அப்படித்தான் அண்ணாச்சி."

"பார்ட்டி ஆயிரம் எழுதும்."

திருத்திய புரூஃப் அனுப்பிரியாவிடம் போய், பழையபடியே மாறித் திரும்பி வந்தது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த பிள்ளைக்குப் பெரிசு எது, சிறிசு எது என்று தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். யாரையும் கேட்காமல் மறுபடி மாற்றி, கையெழுத்துப் போட்டு, மெஷினுக்கு அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை ஆயிரம் அட்டை சாத்தூர் போனது. வெள்ளிக்கிழமை காலை அத்தனையும் அனுப்பிரியாவோடு திரும்பி வந்தன.

"ஞாயித்துக்கெழமை வகுப்பு. சரி பண்ணி அனுப்பியும் இப்படி அடிச்சு வச்சிருக்கீகளே," என்று முதலாளி ராம்குமாரிடம் கேட்டாள்.

"சரியாத்தான் இருக்கு," என்றார் தனுஷ்கோடி.

அவள் வாதாடவில்லை. பையிலிருந்து ஒரு பழைய லென்ஸை எடுத்து அவர் கையில் வைத்தாள். "வளையத்தத் திருப்பிக்கிட்டே உள்ள பாருங்க அண்ணாச்சி."

2.8-இல் துளை அகலத் திறந்திருந்தது. திருப்பத் திருப்ப, உள்ளே சின்னத் தகடுகள் நெருங்கி வந்தன. பதினாறில் மிளகளவு வெளிச்சம்தான் மிச்சம். மூன்று முறை திருப்பிப் பார்த்தார். மூன்று முறையும் அப்படியே. கேமராவைக் கண்டுபிடித்தவன் மேல் அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ராம்குமார் ஸ்ரீமதியின் பக்கம் திரும்பினார். "குடுத்தத ஒழுங்கா அடிக்கத் தெரியாதா? அண்ணாச்சி பாத்ததுல தப்பு வருமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தனுஷ்கோடி வாயை மூடிக்கொண்டு இருந்தால் முப்பத்தோரு வருடப் பெயரும் முழுசாக மிஞ்சும்.

"அந்தப் புள்ளைய விடுங்க," என்றார். "அது சரியாத்தான் அடிச்சுச்சு. கெடுத்தது நான்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ராம்குமார் சமாதானம் சொன்னார். அது தனுஷ்கோடிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மதியத்துக்குள் புதுப் புரூஃப் வந்தது. அவர் அட்டையின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: "எண் கூடினால் துளை குறையும். இது அச்சுப்பிழை அன்று."

"இது என்னத்துக்கு அண்ணாச்சி?" என்றாள் அனுப்பிரியா.

"என்னைய மாதிரி எவனாவது திருத்த வருவாம்மா."

கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிறுத்தினார். தாளை ஸ்ரீமதியிடம் நீட்டினார்.

"மொதல்ல நீ பாத்துப் போடு. அதுக்குக் கீழ நான் போடுதேன்."