புழுதியில் போட்ட விதை

என் தம்பிக்கு ஆலங்குளம் பக்கம் மானாவாரி நிலம். மழையை நம்பி, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி வேலை. புயலையும் அதை வளர்க்கும் காற்றலைகளையும் பாடம் நடத்துகிறேன். அந்தப் படிப்பு வீட்டுக்கும் உதவும் என்று ஒரு காலத்தில் நம்பினேன்.

அந்த ஐப்பசியில், "செத்த பொறுலே, அலை இன்னும் இந்தப் பக்கம் வரல" என்று போனில் சொன்னேன்.

"எல்லாரும் வெதைக்கும்போதே வெதைக்கணும்க்கா. பிந்தி நான் மட்டும் வெதைச்சா, ஊர் மயிலு அம்புட்டும் வெதையைப் பொறக்கித் திங்க என் புஞ்சையிலதான் நிக்கும்."

சொன்னபடியே மக்காச்சோளத்தை விதைத்துவிட்டான்.

நான் சொன்ன அலை கண்ணுக்குத் தெரியாது. நிலநடுக்கோட்டை ஒட்டி, மேகத்தைக் கூட்டிக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்கே போகும். அது கடக்கும்போது, கடலில் சோம்பிக் கிடக்கும் தாழ்வுநிலைகூடப் புயலாகிவிடலாம். கடந்துவிட்டால் வானம் வெளிறிப்போகும். மறு அலை வர ஒன்றரை மாதம்கூட ஆகும்.

அலை வந்தது, வங்கக் கடலில் புயலும் எழுந்தது. டிவிக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். என் மாணவர்களுக்கு லீவு விடுவார்களா என்பதுதான் கவலை. புயல் வரட்டும் என்று ஜெபித்தது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஜெபித்தேன்.

ஒரு சாயங்காலம் தூறி, கொஞ்சம் வலுத்து, நின்றுபோனது. சில நாளில் தம்பி போன் செய்தான். "மொளைச்சிட்டுக்கா!" அவன் குரலில் அப்படியொரு சந்தோஷத்தைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அதற்குள் புயல் ஆந்திராவைப் பார்த்துத் திரும்பி, எங்கள் பக்கத்து ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அலையும் கிழக்கே நகர்ந்துவிட்டது. வகுப்பில் இதைத்தான் படம் போட்டு விளக்குவேன். அந்த வாரம் சாக்பீஸை எடுக்கவே எரிச்சலாக இருந்தது.

சர்ச்சில் பூசை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். இரண்டு இலை விட்ட பயிர், வரிசை வரிசையாகக் கருகி நின்றது. மேற்கே மலை மேல் மேகம் இருந்தது. அது இங்கே வராது என்று எனக்குத் தெரியும். வீட்டில் மறுவிதைப்புக்கு விதை இல்லை.

"அடுத்த அலை எப்பக்கா?"

"மார்கழி ஆயிரும்லே."

குனிந்து ஒரு பயிரைப் பிடுங்கிப் பார்த்தான். "அந்தத் தூத்தலும் பேயாம இருந்திருக்கலாம்க்கா. வெதையாவது மண்ணுக்குள்ள உசுரோட கெடந்திருக்கும்."

அந்தத் தூறலுக்காகத்தான் நான் முழங்கால் போட்டு ஜெபித்திருந்தேன்.