மட்டை பிடிக்காத முழங்கை

புனேப் பக்கம் கசார்வாடியில் வாடகைத் தகரக் கொட்டகையில் தொழிலைத் தொடங்கியவன் நான். போசரியில் சொந்தப் பட்டறை கட்டியவனும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், இந்தியும் மராட்டியும் காதால் கேட்டே பிடித்து, புனே ஆலைகளுக்கு மின்சாரப் பேனல் செய்து கொடுத்தேன். எத்தனை ஆள் இருந்தாலும், பேனல் வெளியே போகும் முன் எல்லாத் திருகையும் நானே ஒருமுறை முறுக்குவேன். அப்போதுதான் அது என் பேனல்.

அந்தக் கை ஒரு நாள் டீ டம்ளரைத் தூக்க மாட்டேன் என்றது. வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீரென்றது. டீ மடியில் கொட்டியது. இரும்புப் பெட்டியைத் தோளில் சுமந்தவன் நான்.

தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தேன், இன்னும் மோசமானது. டாக்டர் ஊசி போட்டார். வலி போன இடம் தெரியவில்லை. நானும் பழையபடி முறுக்கினேன். சில வாரத்தில் வலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியது. அப்போதுதான் அவர் நோயின் பெயரைச் சொன்னார்: டென்னிஸ் எல்போ. பணக்காரன் விளையாட்டு என் கைக்குள் எப்படி வந்தது? வீட்டில் சொன்னேன்.

“ஏனுங்க, மட்டைய எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? வூட்டுல காணமே” என்றாள் மனைவி.

பாணேரில் பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் டாக்டர் அனுப்பினார். அவளும் நம் கோயமுத்தூர்ப் பக்கம்தான். அங்கே போனால், கம்ப்யூட்டர் பையன்கள் வரிசையாக முழங்கைக்குக் கீழே பட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். மவுஸ் பிடித்தே வந்ததாம்.

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை, உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்கச் சொன்னாள். முடியவில்லை. உள்ளங்கையை மேலே திருப்பித் தூக்கினால் வந்துவிட்டது. மணிக்கட்டை நிமிர்த்தும் தசை முழங்கை எலும்பில் ஒட்டும் இடம் நைந்திருக்கிறது என்றாள். தினமும் எதை அழுத்திப் பிடிக்கிறேன் என்று கேட்டாள். பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் காட்டினேன். கைப்பிடி என் விரல் தடிமன்தான் இருக்கும்.

“உங்க மட்டை இதுதானுங்க. கொஞ்ச நாளைக்குத் தொடாதீங்க. இல்லீன்னா அப்புறம் எப்பவுமே முறுக்க முடியாது.”

“நான் முறுக்காம பேனல் வெளிய போவாது அம்மிணி.”

ஆனாலும் பயந்துவிட்டேன். முறுக்கும் வேலையை ஆட்களிடம் விட்டேன். முன்கையை மேசைமேல் வைத்து, சின்னச் சுத்தியலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்கும் பயிற்சியை அவள் சொன்னபடி மாதக்கணக்கில் செய்தேன். சும்மா இருந்த கைக்கு யோசனை வந்தது. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கிக் கொண்டுபோனேன். பிடித்துப் பார்த்தவள், இதை அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டாள். அதை வைத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப முறுக்க ஆரம்பித்தேன்.

பின்னொரு நாள் போனபோது, அவள் மையத்துச் சுவரில் டியூப் சுற்றிய ஸ்க்ரூ டிரைவரின் படம். போசரித் தொழிலாளிகளுக்கெல்லாம் அதையே சொல்கிறாளாம். கீழே ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் பையனைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்: ‘எங்கள் மையத்தின் முறை’.

சுத்தியல் பயிற்சி அவளுடையது, மறுக்கவில்லை. டியூப் என்னுடையது. அந்தப் படத்துக்குக் கீழே என் பேரை எழுதட்டும். தமிழில் எழுதினாலும் போதும்.