நூற்றிரண்டு டிகிரியில் ஒரு மகள்

என் மகளுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தொட்டால் உதறுவாள். டின் மூடியைத் தரையில் சுற்றவிட்டு, அது விழும்வரை பார்ப்பாள். விழுந்ததும் மறுபடி சுற்றுவாள். எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஆட்டிசம் என்ற சொல்லை நாங்கள் யாரும் கேட்டதில்லை. "வாய் தொறக்காத புள்ள" என்றார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. எதையும் துருவித் துருவிக் கேட்கிற குணம் எனக்கு. "நீ போலீஸ்ல சேர வேண்டியவ" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மிஷன் பள்ளி ஹாஸ்டலில், நோய்ப்பட்ட பிள்ளைகளைப் படுக்கவைக்கும் அறையில் எனக்கு வேலை. அதனால் வீட்டிலும் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருந்தேன். நூற்றிரண்டு காட்டியது. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது மடியில் கனம் தெரிந்தது. தானாக வந்து தலைவைத்திருந்தாள். என் கண்ணைப் பார்த்து, "அம்மா, தண்ணி" என்றாள்.

அழுதுவிட்டேன். தண்ணீரும் மாத்திரையும் கொடுத்தேன். மறுநாள் காய்ச்சல் விட்டது, பேச்சும் போய்விட்டது.

அடுத்த காய்ச்சலிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். நூறில் என் கண்ணைப் பார்த்தாள், நூற்றொன்றரையில் 'அம்மா' என்றாள் என்று. நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனேன். சிரிப்பார் என்று பயந்தேன், சிரிக்கவில்லை. "கிருமி உள்ள வந்தா ஒடம்பு அதோட சண்டை போடும்மா. அந்தச் சண்டையிலதான் சூடு ஏறுது. அது மூளைய என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியாது" என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும் இப்படிப்பட்ட பிள்ளைகளின் மூளைக்கும் என்ன தொடர்பு என்று இப்போது ஆராய்கிறார்களாம். கேள்விப்படும்போதெல்லாம் அவர் ஒளிக்காமல் சொன்ன அந்தத் 'தெரியாது' ஞாபகம் வரும்.

அன்றைக்குச் சண்டை என் மண்டையில் ஏறவில்லை, சூடு மட்டும்தான் ஏறியது. இந்தக் குளிர்தான் பிள்ளையைப் பூட்டி வைத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். மலையிலேயே கிடந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

சித்திரை மாதம் ஊர்ப்பட்ட சனமும் குளிருக்காக மேலே ஏறி வருகிறது. நான் மகளுக்கு ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாயும் மாட்டி, வெயில் கொளுத்துகிற அடிவாரத்து வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். அந்த பஸ்ஸில் என் வீட்டுக்காரர்தான் கண்டக்டர்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? பச்சப்புள்ளைய வேகவைக்கவா கூட்டிட்டுப் போற?"

"நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

பஸ் ஸ்டாண்டில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து அவளை உட்காரவைத்தேன். பேசுவாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழைப்பழம் விற்ற அம்மாள் பொறுக்காமல், "ஏத்தா, மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டு. புள்ள மூஞ்சி செவந்து கெடக்கு" என்றாள். மகள் வீறிட்டு அழுது என் மணிக்கட்டைக் கடித்தாள். கழற்றிப் பார்த்தால் முதுகெல்லாம் வேர்க்குரு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் திரும்பி வருகிற பஸ்ஸில், வெளிச்சூடு இல்லை, டாக்டர் சொன்ன உள்சண்டைதான் காரணம் என்று புரிந்தது. வெட்கத்தை மீறி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம்தான் வினையாயிற்று. ஆவணியில் மறுபடி காய்ச்சல் வந்தபோது, மாத்திரையைக் கையில் எடுத்தேன். அவள் ஜன்னலைக் காட்டி, "மேகம் வந்துருச்சு" என்றாள். மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டுமே.

"அப்பா பஸ் எப்ப வரும்?" அப்பா பஸ்ஸில் போகிறார் என்று அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்! கேட்கக் கேட்க ஆசை அடங்கவில்லை. பதினொரு மணிக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரை, மணி ஒன்றாகியும் அலமாரியில்தான் இருந்தது.

நூற்றுநான்கு. உதடு வெடித்திருந்தது, வார்த்தை குழறியது. இடது கை ஒருமுறை வெட்டி இழுத்தது. ஹாஸ்டலில் வலிப்பு வந்த பிள்ளைகளை என் கையால் பிடித்தவள் நான். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். யாருக்காகக் காத்திருந்தேன்? அவளுக்காக இல்லை. என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

மாத்திரையைக் கரண்டியில் நசுக்கிக் கரைத்தேன்.

"கசக்கும்மா."

"ஆமாடி தங்கம், கசக்கும்." சொல்லிக்கொண்டே வாயில் ஊற்றினேன். என் முகத்தைப் பார்த்தபடியே விழுங்கினாள்.

மூன்று மணிவாக்கில் வேர்த்தது. என் விரலைப் பிடித்திருந்த கை மெல்ல விலகியது. தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பிழைத்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.