வேட்டிக்குள் தூங்கிய பிரெஞ்சு சைக்கிள்

வாடகை சைக்கிள் கடைக்காரன் என்பவன், காலையில் முன்பின் தெரியாத பத்துப் பேரை நம்பி வண்டியைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வரை அவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பவன். மட்டாஞ்சேரி படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் எனக்கு அப்படி ஒரு கடை இருந்தது. பதினோரு சைக்கிள், ஒரு காற்றடிக்கும் பம்பு, ஹம்சா என்று ஒரு மெக்கானிக். கடை வைத்து நொந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாடகைக்கு எடுத்தவர்கள் செய்த அட்டூழியங்களைச் சொல்லப்போகிறேன் என்று ஆவலாக இருப்பீர்கள். மன்னியுங்கள். அவற்றை எல்லாரும் எழுதுகிறார்கள். நான் செய்ததை நான்தானே எழுத வேண்டும்?

ஜெட்டிப் படியில் விழுந்தவர்

எழுபத்தாறாம் வருஷம், மழை ஓய்ந்த சமயம். ரெனே என்ற பிரெஞ்சுக்காரர் சைக்கிளோடு படகிலிருந்து இறங்கினார். வயது அறுபதை நெருங்கும். அவருடைய ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவருக்கு ஓய்வு பெற்றதும் ஓர் ஆசை: வீட்டு வாசலிலிருந்து கன்னியாகுமரி வரை மிதிப்பது. துருக்கி, ஈரான், பாகிஸ்தான் எல்லாம் தாண்டி, பம்பாய் வழியாகக் கொச்சி வரை வந்துவிட்டார். அத்தனை தேசத்தில் விழாத மனுஷர், எங்கள் ஜெட்டியின் பாசிப் படியில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டார். தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நானும் ஹம்சாவும். இந்தக் கதையில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இனி வராது.

மாவுக்கட்டோடு ஊருக்கு விமானம் ஏறும் அன்று டாக்சியில் கடைக்கு வந்தார். சைக்கிளை என் கையில் ஒப்படைத்தார். முன்சக்கரத்தின் ஓரத்தில் பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா இருந்தது. அதில் தெரிந்த எண்ணைக் குனிய முடியாமல் குனிந்து பார்த்து, ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். வண்டியின் கம்பெனி நம்பர் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். எங்கள் இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "மீதி வழியை நான் திரும்பி வந்து இதே வண்டியில் முடிப்பேன். அதுவரை யாருக்கும் கொடுக்காதீர்கள், தூங்கட்டும்."

ஒரே ஒரு தடவை

என் பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, பரணுக்குக் கீழே கொக்கியில் தொங்கவிட்டேன். ஏழு வாரம் நிஜமாகவே தூங்கியது. எட்டாவது வாரம் வர்கீஸ் ஓடி வந்தார். வெலிங்டன் தீவில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, என் வண்டிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. அவர் கண் மேலே போனது. "அது ஆருடையது?" என்றார். "அது தூங்குகிறது" என்று சொல்ல வாய் வரவில்லை. ஓடாமல் கிடந்தால் டயர் கெட்டுவிடும், ஒரே ஒரு தடவைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறக்கினேன். சொந்த மனசை ஏமாற்றுவது எத்தனை சுலபம் என்று கடை வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹம்சா பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி டியூபில் குனிந்துகொண்டான். முன்சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் டிக், டிக் என்று சத்தமிட, வர்கீஸ் போய்விட்டார். இருட்டியபின் வந்து இறங்கியவர், வண்டியை விடவே மனசில்லாமல் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, இது சைக்கிள் ஒண்ணுமில்ல, வஞ்சியாக்கும், தண்ணில படகு மாதிரி போகுது. ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குத்தான், கேட்டோ!"

பெண் பார்க்கப் போன வண்டி

அப்புறம் என்ன, ஊருக்கே தெரிந்துவிட்டது. வாடகை மற்ற வண்டிக்கு இரண்டு மடங்கு, அப்படியும் ஆள் காத்திருந்தது. மிளகுக் கிடங்கில் மூட்டை எடை போடும் சிவராமன், திருப்பூணித்துறையில் பெண் பார்க்க அதில்தான் போனான். "சொந்த வண்டியா மாப்ளே?" என்று பெண்ணின் அப்பா கேட்டாராம். இவன் தலையை ஆட்டிவிட்டான். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அடுத்த மாதம் சிவராமன் என் சொந்த வண்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போய் வந்தான். பெல்லைத் தவிர எல்லாம் சத்தம் போடும் வண்டி. திரும்பி வந்து சாவியை மேஜையில் போட்டவன் முகத்தில் அருளே இல்லை. "அந்த சைக்கிள் எங்க மாப்ளேன்னுதான் முதல் கேள்வியே. இனி ஆயுசு பூரா நான் பொய் சொல்லணும், எல்லாம் உங்களாலதான் அண்ணாச்சி!"

ஏரிக்கரையிலிருந்து கடிதம்

ரெனேயின் முதல் கடிதம் ஒரு பட அட்டையோடு வந்தது. படத்தில் ஏரி, ஏரியைச் சுற்றி ஒரு சாலை, சாலையில் ஒரு வண்டிகூடக் கிடையாது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கைவண்டிக்கும் லாரிக்கும் நடுவே உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடக்கிற எனக்கு, அது வரைந்த படமோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. அவர் எழுதியிருந்தார்: எங்கள் ஊரைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்கு மோட்டாரே வராத பாதை. முதலில் ஏரி. பிறகு காடு. அங்கே வெயில் தரையைத் தொடாது. காடு முடிந்ததும் கல்வீடுகள் உள்ள ஒரு பழைய கிராமம். அந்தக் கிராமத்துக் கிணற்றடியில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவேன். இப்போது முழங்காலில் இரண்டாவது ஆபரேஷன். படுக்கையிலிருந்து ஏரி மட்டும் தெரிகிறது. என் சைக்கிள் என்ன செய்கிறது?

நான் அதைப் படித்த நேரத்தில் அவருடைய சைக்கிள், கேரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மீன் தரகர் ஒருவரோடு தோப்பும்படிக்குப் போயிருந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே பேனாவை எடுத்தேன். "சைக்கிள் நன்றாகத் தூங்குகிறது" என்று ஒரே வரி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவர் ஏரியையும் காட்டையும் கிராமத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார். நான் அதே ஒரு வரியை எழுதுவேன். முதல் கடிதத்தை ஒட்டும்போது எட்டிப் பார்த்த ஹம்சா சொன்னான்: "தூங்குதுன்னு எழுதிக்கோ அண்ணாச்சி, மீன் மணம் கடுதாசில ஒட்டாம பாத்துக்கோ."

பின்பக்கமாகச் சுற்றியது

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வர்கீஸ் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னைக்கு நாப்பத்தொண்ணு" என்றார். எனக்குப் புரியவில்லை. மூட்டை எண்ணிப் பழகிய மனுஷர், காலையிலும் மாலையிலும் அந்த டப்பாவின் எண்ணைப் பார்த்துக் கழித்திருக்கிறார். ஆரக்காலில் உள்ள ஒரு சின்ன ஊசி ஒவ்வொரு சுற்றுக்கும் டப்பாவைத் தட்டுகிறது, அதுதான் டிக், டிக். போன தூரமெல்லாம் கிலோமீட்டர் கிலோமீட்டராக உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. ரெனே நோட்டில் குறித்தது கம்பெனி நம்பர் இல்லை. தன் வாசலிலிருந்து எங்கள் ஜெட்டி வரை அவர் மிதித்த மிதி.

அந்த நிமிஷமே வண்டியை வேட்டியில் சுற்றியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் மத்தியானம் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, முன்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தேன். எண் குறையத்தான் செய்தது. ஒரு மணி நேரம் தோள்பட்டை கழன்றுபோகச் சுற்றியதில் ஒன்பது கிலோமீட்டர் குறைந்தது. ஏறியிருந்தது ஆயிரக்கணக்கில். ஜெட்டிக்குப் போகிற ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஹம்சா சாயா கிளாசைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னான்: "பின்னாடி சுத்திச் சுத்தி, மீசை முளைக்காத காலத்துக்குப் போனாலும் கணக்குத் தீராது அண்ணாச்சி." மறுநாள் காலையில் வண்டியை மறுபடி வாடகைக்கு விட்டேன். கெட்டது கெட்டுவிட்டது, இனி என்ன என்ற தைரியம். இதை எழுதும்போதுதான் அதிகம் கூசுகிறது.

கொக்கியில் ஆடிய வேட்டி

எண்பதாம் வருஷம் ஆரம்பத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரெனே படகிலிருந்து இறங்கினார். முன்தகவல் ஒன்றும் இல்லை. கையில் ஊன்றுகோல். ஒரு கால் மடங்கவில்லை, படிகளில் அதைப் பக்கவாட்டில் வீசி வீசி ஏறினார். என்னைக் கட்டிக்கொண்டார். அப்புறம் மேலே பார்த்தார். கொக்கியில் வேட்டி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "சுத்தம் செய்யப் போயிருக்கிறது" என்றேன். ஹம்சாவை சாயா வாங்க அனுப்பினேன். நானும் கூடவே ஓடிப்போயிருக்கலாம், கால் வரவில்லை.

சாயா வருவதற்கு முன்னால் டிக், டிக் என்று சத்தம் வந்தது. ரெனே தலையைத் திருப்பினார். சொந்தக் குழந்தையின் அழுகையைக் கூட்டத்தில் கேட்டவர் முகம் அப்படித்தான் இருக்கும். இடப்பள்ளி போய்விட்டு வந்த வர்கீஸ் வாசலில் இறங்கி, வழக்கம்போல உரக்கச் சொன்னார்: "இன்னைக்கு முப்பத்தாறு, அண்ணாச்சி!" ரெனே எழுந்து போய்க் குனிந்து எண்ணைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அதே சின்ன நோட்டை எடுத்து, பழைய எண்ணைக் கழித்தார். ஏழாயிரத்துச் சொச்சம். நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் கன்னத்தைக் காட்டியிருப்பேன். அந்த நோட்டைப் பார்க்கத்தான் முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்கெங்கே போனது?" சிவராமன் பெண் பார்க்கப் போனதைச் சொன்னேன். மீன் பெட்டியைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வர்கீஸ் காயல் கரையோடு கும்பளங்கிப் பக்கம் போவது, அங்கே பஸ் வராத மண்பாதை, இரண்டு பக்கமும் தண்ணீர், கரைமேல் பழைய மாதா கோயில் எல்லாவற்றையும் வர்கீஸே வந்து உட்கார்ந்து சொன்னார். ரெனே சிவராமன் கதைக்கு வயிறு குலுங்கச் சிரித்தார். காயல் கதைக்குச் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். சாயா ஆறி ஆடை கட்டிவிட்டது.

இனி தன்னால் மிதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதை அப்போதுதான் சொன்னார். சைக்கிளையாவது கன்னியாகுமரி வரை கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார். மறுநாள் காலை பஸ்ஸின் கூரையில் நானும் ஹம்சாவும் அதை ஏற்றிக் கட்டினோம். அடியில் என் வேட்டியை மெத்தையாக மடித்து வைத்தேன். மன்னிப்பு கேட்க எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான். பஸ் கிளம்பும்போது அவர் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மூன்றரை வருஷம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தூங்குகிறது, தூங்குகிறது என்று எழுதாமல் இதையெல்லாம் எழுதியிருந்தால், நானும் கூட வந்திருப்பேனே."

என் கடையில் சைக்கிள் களவு எத்தனையோ தடவை நடந்திருக்கிறது, ஆனால் கையும் களவுமாகப் பிடிபட்டது மட்டும் கடைக்காரன் ஒருவன்தான்.