இருபத்தாறு முறை முந்திப் போனவள்

என் வீட்டு வாசலில் நின்று தும்மினால் எதிர்வீட்டில் இருக்கும் என் அக்காவுக்குக் கேட்கும். அப்படியும் இரண்டு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பேசாமல் இருப்பது சும்மா இருப்பது என்று நினைப்பவர்கள் யாரிடமும் சண்டை போட்டதில்லை என்று அர்த்தம். அது ஒரு முழுநேர வேலை. காலையில் அவள் வாசல் தெளிக்க வாளியோடு வந்தால் நான் உள்ளே போக வேண்டும். நான் கோலப்பொடி டப்பாவோடு குனிந்திருந்தால் அவள் உள்ளே போக வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து, இரண்டு பேருமே உள்ளே போக மாட்டேன் என்று நின்றுவிட்டால், இருவரும் வானத்தைப் பார்ப்போம். குருவிகுளம் பக்கத்து மானாவாரி விவசாயிகூட அவ்வளவு அக்கறையாக வானத்தைப் பார்த்திருக்க மாட்டார். சங்கரன்கோவிலில் மேகம் எந்தப் பக்கமிருந்து வந்து, எந்தப் பக்கம் நம்மை ஏமாற்றிவிட்டுப் போகும் என்பதெல்லாம் அந்த இரண்டு வருடத்தில் எனக்கு அத்துப்படி.

சண்டைக்குக் காரணம் ஒரு பஸ். திருவேங்கடத்தில் எங்கள் சித்தி மகனுக்குக் கல்யாணம். பஸ் ஆறு பத்துக்கு என்றேன் நான். ஆறு நாற்பதுக்கு என்றாள் அக்கா. அவள் மூத்தவள், எனக்கு ஆறு வயது மூத்தவள், அதனால் பஸ்ஸும் அவள் சொன்ன நேரத்துக்குத்தான் வர வேண்டும். ஆறரைக்கு நாங்கள் நிலையத்துக்குப் போனபோது பஸ் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது இரண்டாம் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டியதைப் பார்க்காமல் தாலி கட்டின பெண்ணைப் பார்த்தோம். அதுகூடப் பரவாயில்லை. ஏன் லேட் என்று கேட்ட அத்தனை பேரிடமும் என் அக்கா, "இவ சேலை கட்டி முடிக்கணும்லா" என்று என்னைக் கை காட்டினாள். நான் மடிப்புக்குப் பதினோரு ஊக்கு குத்தினேன் என்பது உண்மை. ஆனால் அதையும் சேர்த்து ஆறு மணிக்கே நான் தயார் என்பதும் உண்மை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குத் தப்பான விடையைத் தாங்க முடியாது, அதுவும் தப்பான விடையைச் சரி என்று ஊர் முழுக்கச் சொல்பவளைத் தாங்கவே முடியாது. அன்றைக்கு வாயை மூடினவள்தான்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர். மூடி போட்ட கிண்ணத்தோடு தெருவைத் தாண்டி வருவார். "உங்க அக்கா குடுக்கச் சொல்லல. நானாத்தான் கொண்டாந்தேன்" என்பார். இதைச் சொல்லச் சொன்னதே அவள்தான் என்பது அவர் முகத்திலேயே தெரியும். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே, நான் ஏதாவது போட்டுக் கொடுப்பேன். அதைக் கழுவி அவள் வேறு ஏதாவது போட்டு அனுப்புவாள். இப்படியே அந்த ஒரு கிண்ணம் இரண்டு வருடம் தெருவில் அலைந்தது. நான் சில சமயம், "புளிக்கொழம்புல உப்பு கூடன்னு சொல்லுங்க அத்தான்" என்று சொல்லி அனுப்புவேன். பன்னிரண்டு அடி தெருவைத் தாண்டுவதற்குள் அத்தான் அதைத் திருத்திவிடுவார். "ரொம்ப நல்லா இருந்துச்சாம்" என்று அவர் சொல்வது எனக்கே கேட்கும்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் போன தை மாதம் நெஞ்சில் அடைப்பு வந்தது. மதுரையில் ஆபரேஷன். வெளியே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் அக்கா ஒன்றில், நான் ஒன்றில், நடுவில் அத்தானின் துணிப்பை. உள்ளே கூட்டிப் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டே சொன்னாள்: "தாயே, அவுகளை முழுசா என்கிட்ட குடுத்துரு. ஆடிச்சுத்து நூத்தெட்டு சுத்துதேன்." நானும் வேண்டிக்கொண்டேன், மனதுக்குள். அவள் நூற்றெட்டு என்ற பிறகு நான் நூற்றொன்று என்று குறைக்கவா முடியும்? நானும் நூற்றெட்டுதான்.

அத்தான் முழுசாகவே வந்தார். ஆடியும் வந்தது. எங்கள் ஊரில் ஆடித்தபசுக்குக் கொடியேறினால் கோயிலுக்குள் சும்மா நிற்பவர்களைப் பார்க்க முடியாது. சங்கரனும் நாராயணனும் ஒன்றாகக் காட்சி தர வேண்டும் என்று அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள். நாம் பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் அவள் கால்வலியில் கொஞ்சம் நம் காலுக்கு வந்துவிடும், அவளுக்கு அவ்வளவு குறையும் என்று நம்பிக்கை. அதுதான் ஆடிச்சுற்று. எண்ணுவதற்கு ஆளுக்கொரு வழி. புளியங்கொட்டை, காலண்டர் தாளில் புள்ளி, ஒரு அம்மா மணிக்கட்டில் ரப்பர்பேண்டை ஏற்றி ஏற்றி வளையல் போட இடமில்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு என் மகன் விரலில் மாட்டும் ஒரு சின்ன மெஷின் வாங்கித் தந்திருந்தான். பொத்தானை அமுக்கினால் ஒரு எண் கூடும். என் அக்காவுக்கு மெஷின் மேல் நம்பிக்கை கிடையாது. பால்பாயிண்ட் பேனாவால் இடது உள்ளங்கையில் தொடங்கி, நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று முழங்கை வரை எழுதிக்கொண்டே போவாள்.

கொடியேறிய மூன்றாம் நாள் விடிகாலையில் நான் போனபோது, அம்பாள் சன்னதிப் பிராகாரத்தில் ஒரு தூணடியில் அத்தான் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா பேனாவோடு நின்றாள். அவள் முதலில் போகட்டும் என்று நான் நின்றேன். நான் முதலில் போகட்டும் என்று அவள் நின்றாள். அத்தான், "ரெண்டு பேரும் நின்னுட்டே இருந்தா அம்பாளுக்கு வலி எப்படிக் கொறையும்?" என்றார். ஒரே நொடியில் இருவரும் கிளம்பினோம்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயசு, அந்த வேகம் ஆகாது. மூன்றாம் சுற்றிலேயே பின்னால் மெட்டிச் சத்தம் கேட்டது. என்னைத் தாண்டும்போது தொண்டையை ஒருமுறை செருமினாள். அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த முறை தாண்டியபோதும் அதே செருமல். அம்பாளின் வலியைக் குறைக்க வந்த நான், அக்கா எத்தனை தடவை என்னை முந்துகிறாள் என்று எண்ணத் தொடங்கினேன். சுற்றை எண்ண மெஷின் வேண்டியிருந்தது. வஞ்சத்தை எண்ண எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பத்து, பதினைந்து, இருபது என்று மனதில் தானாக ஏறியது.

வெயில் ஏறி, கூட்டமும் ஏறியது. யாரோ வேண்டுதலுக்காக நீர்மோர் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். இருபத்தாறாவது தடவையாக அக்கா என்னை முந்திப் போய் அத்தான் இருந்த தூணருகில் ஒரு டம்ளர் வாங்கினாள். யாரோ இடித்தார்கள். மோர் முழுக்க அவள் இடது கையில் கொட்டியது. பதறிப்போய் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். ஏற்கனவே வியர்வையில் ஊறிக்கிடந்த கோடுகள். ஒரே துடைப்பில் கை முழுக்க நீலம் மட்டும் மிச்சம். அந்தக் கையாலேயே நெற்றியைத் துடைத்தாளோ என்னவோ, நெற்றியிலும் நீலம். நான் அந்தத் தூணுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போனது.

"அம்புட்டும் போயிட்டு" என்றாள் பக்கத்திலிருந்த ஒரு பெண்ணிடம். "மறுபடி மொதல்லேருந்து சுத்த வேண்டியதுதான்."

அந்தப் பெண், "ஏன்க்கா, உத்தேசமா ஒரு கணக்கு வச்சிக்கிட்டு சுத்துங்களேன்" என்றாள்.

"உத்தேசமாவா? அம்பாள் அவுகளை உத்தேசமாவா பொழைக்க வச்சா?"

அவள் கால் இரண்டும் வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. இவள் செய்வாள். சொன்னால் செய்வாள், இன்னொரு நூற்றெட்டைச் சுற்றி இங்கேயே விழுவாள்.

மெஷினைப் பார்த்தேன். எண்பது. நானும் அவளும் சேர்ந்து கிளம்பினோம். அவள் என்னை இருபத்தாறு தடவை முந்தினாள், ஒவ்வொரு முந்தலுக்கும் என்னைவிட ஒரு சுற்று கூட. எண்பதும் இருபத்தாறும் நூற்றாறு. ஊரில் வேறு யாருக்கும் தெரியாத அந்தக் கணக்கு, அவளுடன் பேசாத எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. இன்னும் இரண்டே சுற்று, முடிந்தது.

சொல்ல வேண்டியதுதானே? வழக்கம் போலத் தூதரைத் தேடினேன். அத்தான் தூணில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டு, "அத்தான், அக்காகிட்ட சொல்லுங்க" என்றேன். அவர் தலையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர் விடுப்பில் இருந்தார்.

அக்கா பேனாவின் மூடியைக் கழற்றி, நீலக் கையில் புதிதாக ஒரு கோடு போடப் போனாள். நான் வாயைத் திறந்தேன். நூற்றாறு என்று சொல்லத்தான் திறந்தேன்.

"எம்பது" என்றேன்.

அவள் திரும்பினாள். "ஏட்டி, என்ன?"

'ஏட்டி' என்று என்னைக் கூப்பிட உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான். அதைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது என்பது கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

"எம்பது சுத்து ஆயிருக்கு உனக்கு. எனக்கும் எம்பது. வேணும்னா மெஷினைப் பாரு" என்று விரலை நீட்டினேன்.

நூற்றாறு என்று சொல்லியிருந்தால் இரண்டு சுற்றில் முடித்து, அத்தானை எழுப்பிக்கொண்டு போயிருப்பாள். நான் மிச்ச இருபத்தெட்டையும் தனியாகச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் காலையில் மறுபடி வானத்தைப் பார்த்திருப்பேன். எனக்கு அந்த இருபத்தெட்டு சுற்றும் வேண்டும், அவளோடு. கோயிலுக்குள் பொய் சொன்னது பாவம்தான். ஆனால் சுற்றைக் குறைத்தால்தானே குற்றம், கூட்டினால் அம்பாள் கோபித்துக்கொள்ளவா போகிறாள் என்று அம்பாளிடமே அப்போதே மனதுக்குள் வாதாடிவிட்டேன். அக்காவின் வீங்கின காலிடம் வாதாட என்னிடம் எதுவும் இல்லை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அக்கா நம்பிக்கையே இல்லாத அந்த மெஷினைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பேனாவை மூடி இடுப்பில் செருகினாள்.

"சரி, வா" என்றாள்.

என் வேகத்துக்கே நடந்தாள். சேர்ந்து நடந்த ஐந்தாவது சுற்றில், "உன் வீட்டு மாடித் தொட்டி தெனமும் நெறஞ்சு வழியுது. ரெண்டு வருசமா சொல்லணும்னு இருக்கேன்" என்றாள்.

"அத்தான்கிட்ட சொல்லி விட்டிருக்கலாம்லா?"

"சொன்னேனே. வந்து என்ன சொன்னாவ?"

யோசித்தேன். "நான் கோலம் அழகா போடுதேன்னு நீ சொன்னதாச் சொன்னாவ."

அக்கா நின்றுவிட்டாள். தூணைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தாள். பின்னால் வந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்து விலகிப் போனார்கள். பிறகு நான் அனுப்பிய செய்திகளை அவளும், அவள் அனுப்பியதை நானும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். ஒன்றுகூட அனுப்பியபடி போய்ச் சேரவில்லை. இரண்டு வருடமாக அவளுக்கு நான் புகழ்மாலை சூட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். தொண்ணூற்றாறாவது சுற்றில் அவள், "என்ன இருந்தாலும் அந்த பஸ் ஆறு நாப்பதுதான்" என்றாள். கணக்கு டீச்சர் தப்பான விடையைத் திருத்தாமல் நடந்தது அதுதான் முதல்முறை.

நூற்றெட்டு முடிந்து விழுந்து கும்பிட்டோம். அத்தான் எழுந்து, கண்ணைக் கசக்கி, நாங்கள் சேர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, இன்னும் கனவுதான் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி கண்ணைக் கசக்கினார்.

வெளியே செருப்பு போடும் இடத்தில் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள். வலியில் முகம் சுருங்கியது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"யக்கா, உனக்கு அப்பமே நூத்தாறு ஆயிட்டு. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்ட்டி" என்றாள், செருப்பைத் தேடிக்கொண்டே. "காலையிலேருந்து உன்னைத் தாண்டித் தாண்டிப் போறேன். உனக்கும் எனக்கும் ஒரே கணக்கு எப்படி வரும்?"

"பொறவு எதுக்குச் சரின்ன?"

அவள் அடுத்த செருப்பையும் போட்டுக்கொண்டாள். தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரெண்டு வருசம் கழிச்சு வாயத் தொறந்து ஒரு பொய் சொல்லுத. அதையும் இல்லன்னு சொல்லவா?"