பிளாட்பாரத்துக்கு வந்த வேப்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் எங்கள் தெருப் பெண்கள் சிலரும் சாம்பார் சாதம் எடுத்துக்கொண்டு போய், ரயில் நிலையத்துக்கு வெளியே பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்களுக்குக் கொடுப்போம். போன வருஷம் லீவுக்கு வந்திருந்த என் கொழுந்தனாருக்கு அது போதாது என்று பட்டுவிட்டது. பிரான்சில் வேலை பார்ப்பவர். அங்கே சிகரெட்டை விட்டு, வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறியிருந்தார். உலகத்தையே மாற்றிவிடும் வேகம் அவருக்கு.

ஒரு துணிப்பையை என் முன்னால் கவிழ்த்தார். பேனா மாதிரி சில, தீப்பெட்டி மாதிரி சில, கூடவே சின்னச் சின்னப் புட்டிகளில் திரவம்.

"பீடி குடிச்சே சாவுறாங்க அண்ணி. இதையெல்லாம் அவங்களுக்குக் குடுத்துடலாம்."

"நம்ம நாட்டுல இது தடை தம்பி. விக்கவும் கூடாது, கொண்டாரவும் கூடாது."

"நாம விக்கலியே, சும்மாதானே குடுக்கறோம்?"

"சரி, சார்ஜ் எங்க போடுவாங்க? புளியமரத்துலயா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பை என் சாதத்தோடு வரக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, மறுநாள் தனியாகப் போய் ஒரே ஒருவருக்கு மட்டும் ஒன்றும், கூடவே சில புட்டிகளும் கொடுத்துவிட்டு வந்தார். மிச்சத்தை நானே அவர் பெட்டியில் திணித்து, பிளேன் ஏற்றி அனுப்பினேன்.

வாங்கியவர் எனக்குத் தெரிந்த பெரியவர்தான். மில் மூடியபின் மூட்டை தூக்கினார். மனைவி போனதும் வீடும் போயிற்று. இருமல் வந்தால் அவருக்குப் பேச்சு நின்றுவிடும்.

அதன் பிறகு ஆரம்பித்தது என் தலைவலி. நாங்கள் இருக்கும் முதலியார்பேட்டைக்கு நடந்தே வந்து எங்கள் கேட்டில் நிற்பார்.

"உசிரு போயிடுச்சிம்மா. கொஞ்சம் ஏத்திக் குடும்மா."

மிக்ஸியைக் கழற்றிவிட்டு அந்த பிளக்கில் வேப்பைச் செருகுவேன். "போலீசு வந்தா நீயே பதில் சொல்லு" என்பார் என் வீட்டுக்காரர். சார்ஜ் ஏறும்வரை பெரியவர் வாசலில் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சட்னி அரைக்க முடியாமல் நான் உள்ளே பொருமிக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஆத்திரமே, அது கொஞ்சம் வேலை செய்ததுதான். பீடிக் கட்டு வாங்குவதை விட்டிருந்தார். நடுவில் இருமாமல் ஒரு கதையை முழுசாகச் சொல்லி முடித்தார்.

அப்புறம் திரவம் தீர்ந்தது. கொழுந்தனாரைப் போனில் கூப்பிட்டேன்.

"பார்சல்ல அனுப்பட்டா அண்ணி?"

"அனுப்பு! கஸ்டம்ஸ்காரன் என் வீட்டைத் தேடி வரட்டும். ஆரம்பிச்சு வச்சிட்டு நீ போயிட்ட. தெனம் அவரு மூஞ்சிய யாரு பாக்கறது?"

வேறு வழியில்லாமல் அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். புகைப்பழக்கத்தை விடுவதற்கு டாக்டர் நிக்கோடின் சூயிங்கம் எழுதினார். பெரியவர் வாயைத் திறந்து காட்டினார், மெல்ல ஒரு கடைவாய்ப்பல்கூட இல்லை. பிறகு தோளில் ஒட்டும் மருந்துப் பட்டை கொடுத்தார்கள். வெயிலில், வேர்வையில், அது உரிந்து உரிந்து விழுந்தது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது, "கால் வலிக்குதும்மா" என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கண்டதும் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார். புகை தோளுக்கு மேலே எழும்புகிறது.

"நான் ஒண்ணும் கேக்கல. சாப்பிடுங்க."

இருமி முடித்துவிட்டுத்தான் சாதத்தை வாங்குகிறார்.